ஹாதோர்ன் ஆலையின் சோதனை அறைகள்: தொழிலாளர் மனநிறைவும் உற்பத்தியும்

மனநிறைவோடு வேலை செய்பவர் கூடுதலாகவும் நன்றாகவும் வேலை செய்வாரா என்ற கேள்வி ஆலைத்தொழில் தோன்றிய நாளிலிருந்தே இருந்துவருகிறது. அதை ஓர் ஆலைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் அளந்து குறித்துச் சோதித்த முயற்சிகளில் முதன்மையானது அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டிய சிசரோவில் நடந்தது. அங்கிருந்த ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த அந்தச் சோதனைகள் உலகெங்கும் மேலாண்மைப் பாடநூல்களில் இடம்பெற்றன. பல நிறுவனங்களில் ஊழியர் நலனைக் கவனிக்கத் தனித் துறை அமைந்ததற்குப் பின்னணியில் இவற்றுக்கும் பங்குண்டு. அந்த அறைகளில் உண்மையில் நடந்தது என்ன என்பது குறித்து ஆய்வாளர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

முன்னோடிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையை ராபர்ட் ஓவன் நடத்திவந்தார். சிறு குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தி, தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, குடியிருப்பைச் சீராக்கியபோதும் அவருடைய ஆலை நல்ல லாபம் ஈட்டியது. அமெரிக்கப் பருத்தி வராமல் நான்கு மாதம் ஆலை நின்றபோதும் அவர் முழுக்கூலி கொடுத்தார். இயந்திரங்களைத் துடைத்துப் பேணுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது மனிதர்கள்மீது காட்டினால் அது லாபமாகவே திரும்பிவரும் என்று மற்ற ஆலை முதலாளிகளிடம் வாதாடினார். அவரைப் பின்பற்றியவர்கள் சிலரே.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிரெடரிக் டெய்லரின் விஞ்ஞான மேலாண்மை வந்தது. ஒவ்வொரு வேலையையும் அசைவு அசைவாகப் பிரித்து, நிறுத்துகடிகாரம் வைத்து அளந்து, சரியான முறையை வகுத்துக் கொடுத்து, அதன்படி செய்பவருக்குக் கூடுதல் கூலி தர வேண்டும் என்பது அவர் வழி. தொழிலாளியின் மனம் பற்றிய கேள்விக்கு அதில் இருந்த விடை கூலி ஒன்றுதான்.

கூலியின் வலிமையை 1914இல் ஹென்றி ஃபோர்டு காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய டெட்ராய்ட் ஆலையில் வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை மொத்த வேலையிடங்களைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. நாள் முழுவதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய யாருக்கும் பொறுக்கவில்லை. வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்து, நாள் வருமானத்தை ஐந்து டாலராக உயர்த்தியதும் ஆட்கள் நிலைத்தார்கள். ஆனால் அந்த ஐந்து டாலருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நிறுவனத்தின் ஆட்கள் தொழிலாளர்களின் வீடுகளுக்கே போய், குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணம் சேமிக்கிறாரா என்று விசாரித்துத் தகுதி பார்த்தார்கள்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேறொரு பாடம் கிடைத்தது. நேரத்தைக் கூட்டக் கூட்ட மொத்த உற்பத்தி கூடுவதில்லை; ஓர் எல்லைக்குப் பிறகு களைப்பு அதைத் தின்றுவிடுகிறது. அங்கே 1918இல் தொழிற்களைப்பை ஆராய ஒரு வாரியமே அமைந்தது. அமெரிக்காவில் 1923இல் எல்டன் மேயோ என்ற ஆஸ்திரேலியர் பிலடெல்பியா நூற்பாலை ஒன்றின் சிக்கலை ஆராய்ந்தார். அதன் ஒரு பிரிவில் 40 பேரை வேலையில் வைத்திருக்க ஆண்டுக்கு 100 பேரை எடுக்க வேண்டியிருந்தது. வேலைக்கு நடுவே படுத்து இளைப்பாறச் சிறு ஓய்வுகள் கொடுத்ததும் ஆட்கள் விட்டுப்போவது பெரிதும் குறைந்தது, உற்பத்தியும் உயர்ந்தது. இந்த மேயோவின் பெயரே பின்னர் ஹாதோர்னோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துகொண்டது.

ஆலை

ஹாதோர்ன் ஆலை ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் உற்பத்திக் கிளையான வெஸ்டர்ன் எலக்ட்ரிக்குக்குச் சொந்தமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழுந்த இந்த ஆலையில்தான் அமெரிக்காவின் தொலைபேசிகளும் கேபிள்களும் இணைப்பகக் கருவிகளும் பெருமளவில் உருவாயின. 1920களின் இறுதியில் இங்கே 40,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். போலந்து, செக், இத்தாலி நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பெரும்பகுதி.

நலத்திட்டங்களில் இந்த நிறுவனம் பெயர் பெற்றது. ஓய்வூதியம், மருத்துவமனை, உணவகம், மாலைநேர வகுப்புகள், விளையாட்டுக் கழகம், பங்குகள் வாங்கும் திட்டம் எல்லாம் இருந்தன. ஆண்டுதோறும் தொழிலாளர் குடும்பங்களோடு கப்பலேறி உல்லாசப் பயணம் போவது வழக்கம். 1915 ஜூலை 24 அன்று அப்படிப் புறப்படவிருந்த ஈஸ்ட்லேண்ட் என்ற கப்பல் சிகாகோ ஆற்றில் கரையோரமாகவே கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமே. சிசரோவின் தெருக்களில் அந்தத் துயரம் வெகுகாலம் நீடித்தது.

இத்தனை வசதிகள் இருந்தும் இந்த ஆலையில் தொழிலாளர்களுக்கென்று சுதந்திரமான சங்கம் கிடையாது. நலத்திட்டங்களின் நோக்கங்களில் சங்கம் வராமல் தடுப்பதும் ஒன்று. சோதனைகள் நடந்த சூழலைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கொளி

சோதனைகள் தொடங்கியபோது மகிழ்ச்சி பற்றிய பேச்சே இல்லை. வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடும் என்று நிறுவிவிட்டால் மின்விளக்குகளின் விற்பனை பெருகும் என்பது மின்துறையின் எதிர்பார்ப்பு. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரில் 1924இல் ஹாதோர்னில் விளக்கொளி ஆய்வு தொடங்கியது.

வெளிச்சத்தைக் கூட்டியபோது உற்பத்தி உயர்ந்தது. ஆனால் ஒப்பிடுவதற்காக வெளிச்சம் மாற்றாமல் வைத்திருந்த குழுவிலும் உற்பத்தி உயர்ந்தது. பின்னர் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அப்போதும் வேலை குறையவில்லை. ஒரு சோதனையில் இரண்டு பெண்கள் நிலவொளி அளவுக்கு மங்கிய வெளிச்சத்திலும் வழக்கமான வேகத்தில் வேலை செய்தார்கள். இன்னொன்றில் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு அதே அளவு ஒளி தரும் விளக்குகளையே மாட்டினார்கள். வெளிச்சம் கூடியதாக நினைத்த பெண்கள் இப்போது வசதியாக இருக்கிறது என்றார்கள்.

வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் எளிய தொடர்பு எதுவும் தென்படாததால் ஆராய்ச்சிக் கழகம் 1927இல் விலகிக்கொண்டது. ஆலையின் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவரான ஜார்ஜ் பெனாக் விடவில்லை. வெளிச்சத்தைவிட வலுவான வேறு ஏதோ ஒன்று உள்ளே இயங்குகிறது, அதைக் கண்டுபிடிக்கச் சிறு குழு ஒன்றைத் தனி அறையில் வைத்து நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

ரிலே சோதனை அறை

தொலைபேசி இணைப்பகங்களில் அழைப்புகளை மாற்றிவிடும் மின்காந்தச் சிறு கருவிதான் ரிலே. கம்பிச்சுருள், தகட்டு நாக்குகள், காப்புத் துண்டுகள், திருகுகள் என ஏறத்தாழ 35 உறுப்புகளை அடுக்கிப் பொருத்தி நான்கு திருகுகளால் இறுக்கினால் ஒரு ரிலே முடியும். தேர்ந்த கைகளுக்கு இதற்கு ஒரு நிமிடம் போதும். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முடிப்பார். இரு கைகளும் ஒரே சமயத்தில் இயங்க வேண்டிய வேலை இது. பேசிக்கொண்டே செய்யலாம், கண்ணை எடுக்க முடியாது.

1927 வசந்தத்தில் இந்த வேலையில் தேர்ந்த இளம்பெண்கள் ஐந்து பேரும், அவர்களுக்கு உறுப்புகளை எடுத்துக்கொடுக்கும் இன்னொரு பெண்ணும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு நீண்ட மேசை முன் வரிசையாக உட்கார்ந்தார்கள். முடித்த ரிலேயை ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் இருந்த சரிவுக் குழாயில் போட்டதும், ஓடும் காகித நாடாவில் ஒரு துளை விழும். யார், எந்த நிமிடத்தில், எத்தனை முடித்தார் என்பதை அந்த நாடா காட்டிவிடும். அறையின் வெப்பம், ஈரப்பதம், முந்தைய இரவு எவ்வளவு நேரம் தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என எல்லாமே குறிக்கப்பட்டன. குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. மேஸ்திரிக்குப் பதிலாக ஒரு பார்வையாளர் அறையில் இருந்தார். அவர் குறிப்பெடுத்தார், பெண்களோடு இயல்பாகப் பேசினார், அதட்டவில்லை.

முதல் இரண்டு வாரம் அவர்கள் அறியாமலேயே, பழைய கூடத்தில் வேலை செய்தபோதே, அவர்களின் உற்பத்தி கணக்கிடப்பட்டிருந்தது. தனி அறைக்கு வந்தபின் முதல் பெரிய மாற்றம் கூலியில் நடந்தது. பழைய கூடத்தில் 100 பேர் அளவுள்ள பெருங்குழுவின் மொத்த உற்பத்தியை வைத்துத் துண்டுக்கூலி பிரிக்கப்பட்டது. ஒருவர் கூடுதலாகச் செய்தாலும் அதன் பலன் அவர் கைக்கு வருவதற்குள் கரைந்துபோகும். இப்போது இந்தச் சிறு குழுவுக்கே தனிக் கணக்கு. தங்கள் உழைப்பின் பலன் தங்களுக்கே வருவது அவர்களுக்குத் தெரிந்தது.

அடுத்து வந்தவை ஓய்வுகள். காலையும் பிற்பகலும் ஐந்து ஐந்து நிமிடம், பிறகு பத்துப் பத்து நிமிடம். இரண்டிலும் உற்பத்தி ஏறியது. ஐந்து நிமிடம் வீதம் ஆறு ஓய்வுகள் கொடுத்தபோது உற்பத்தி சற்றே இறங்கியது. அடிக்கடி எழுந்து உட்காருவதில் கைவேகம் அறுந்துபோகிறது என்று பெண்களே சொன்னார்கள். அதைக் கைவிட்டு, காலையில் 15 நிமிட ஓய்வும் நிறுவனச் செலவில் காபி அல்லது சூப்போடு சிற்றுண்டியும், பிற்பகலில் பத்து நிமிடமும் கொடுத்தார்கள். பின்னர் மாலையில் அரைமணி முன்னதாக வேலை முடிந்தது, அதற்குப் பின் ஒரு மணி முன்னதாக. சில மாதங்கள் சனிக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் அவர்களை அதிகாரியின் அறைக்கு அழைத்து, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிக் கருத்துக் கேட்டார்கள். சில யோசனைகள் அவர்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டன. அன்றைய ஆலைகளில் இது யாரும் கேள்விப்படாதது.

1928 இலையுதிர் காலத்தில் முக்கியமான சோதனை வந்தது. ஓய்வுகளும் சிற்றுண்டியும் குறைந்த நேரமும் நீக்கப்பட்டு, வாரத்துக்கு 48 மணி என்ற பழைய நிலை 12 வாரத்துக்குத் திரும்பியது. உற்பத்தி பழைய அளவுக்கு விழும் என்று எதிர்பார்த்தார்கள். அது விழவில்லை. சோதனையின் தொடக்கத்தில் ஒருவர் வாரத்துக்கு ஏறத்தாழ 2,400 ரிலே முடித்தார். இப்போது எந்தச் சலுகையும் இல்லாத நிலையிலும் அது 2,900க்கு மேல் இருந்தது. ஓய்வுகளைத் திரும்பக் கொடுத்ததும் 3,000ஐத் தாண்டியது. இரண்டு ஆண்டு சொச்சத்தில் உற்பத்தி ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்திருந்தது. வேலைக்கு வராமல் நிற்பதும் குறைந்திருந்தது.

இடையில் நடந்த ஒன்றை அதன் முழுக் கனத்தோடு சொல்ல வேண்டும். 1928 ஜனவரியில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற காரணம் சொல்லி இரண்டு பெண்களைப் பழைய கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, வேகமாக வேலை செய்யும் வேறு இருவரை அவர்கள் இடத்தில் அமர்த்தினார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர் குடும்பச் சுமையைத் தாங்க வேண்டிய நிலையில் இருந்தார். அவரே அறையின் வேகத்தை முன்னின்று உயர்த்தினார். நட்பும் சுதந்திரமும் நிறைந்த அறை என்று பிற்காலத்தில் புகழப்பட்ட இடத்தில் இப்படியும் ஒரு கண்டிப்பு நடந்திருந்தது.

காரணத்தைப் பிரித்தறிய இரண்டு துணைச் சோதனைகள் நடந்தன. இன்னொரு ரிலே குழுவில் கூலி முறையை மட்டும் மாற்றினார்கள். உற்பத்தி ஏறத்தாழ 12 சதவீதம் உயர்ந்தது. கூடத்தில் இருந்த மற்றவர்கள் தங்களுக்கும் அது வேண்டும் என்று கேட்கவே சில வாரங்களில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அப்ரகத் தகடுகளைப் பிரிக்கும் பெண்களைக் கொண்ட குழுவில் கூலியைத் தொடாமல் ஓய்வுகளை மட்டும் கொடுத்தபோது உற்பத்தி ஏறத்தாழ 15 சதவீதம் ஏறிப் பின்னர் சரிந்தது. கூலியும் ஓய்வும் தனித்தனியே வலுவானவை என்பது இவற்றில் தெரிகிறது. ரிலே அறையின் முழு ஏற்றத்தையும் இவற்றில் ஒன்றே தனித்து விளக்கிவிடவில்லை.

நேர்காணல்கள்

ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் சேர்ந்திருந்த மேயோ 1928இல் ஹாதோர்னுக்கு வந்தார். அவரும் அவருடைய சகா ஃப்ரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் ரிலே அறையின் வெற்றியை மனநிலையில் தேடினார்கள். மேற்பார்வையின் தன்மைதான் முக்கியம் என்றால், ஆலை முழுவதும் மேற்பார்வை எப்படி இருக்கிறது என்று தொழிலாளர்களிடமே கேட்டுவிடலாம் என்று நிர்வாகம் நினைத்தது. 1928 முதல் 1930 வரை 21,000க்கு மேற்பட்டவர்களிடம் நேர்காணல் நடந்தது.

தொடக்கத்தில் கேள்விப் பட்டியல் கையில் இருந்தது. ஆனால் தொழிலாளர்கள் கேட்டதை விட்டுவிட்டுத் தங்கள் மனத்தில் இருந்ததையே பேசினார்கள். ஆகவே பட்டியலைக் கைவிட்டு, குறுக்கிடாமல், புத்தி சொல்லாமல், அவர்கள் பேசுவதை முழுவதும் கேட்பது என்று முறையை மாற்றினார்கள். அரைமணி நேர நேர்காணல் ஒன்றரை மணி வரை நீண்டது. கழிப்பறை அசுத்தம், குளிர், உணவகச் சாப்பாடு, கூலிக் கணக்கு புரியாமை, மேஸ்திரியின் ஒருதலைப்பட்சம் என்று குறைகள் வந்தன. சிலவற்றின் வேர் ஆலைக்கு வெளியே இருந்தது. ஒரு பெண் பேசிக்கொண்டே போகும்போது, தன் மேற்பார்வையாளரைத் தனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அவர் தன் வெறுப்புக்குரிய மாற்றாந்தகப்பனின் சாயலில் இருப்பதுதான் என்று தானே கண்டுகொண்டார். அந்த மேற்பார்வையாளரோ இவரைச் சமாளிப்பது கடினம் என்று முன்பே எச்சரித்திருந்தார்.

காதுகொடுத்துக் கேட்பதே பலருக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆறுதலையே தீர்வாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இங்கேதான் பிறந்தது. குறைந்த கூலி பற்றிய முறையீட்டை உள்மனச் சிக்கலின் வெளிப்பாடாகப் படித்துவிட்டால் கூலியை உயர்த்த வேண்டிய கடமை மறைந்துபோகும். 1936இல் இந்த நிறுவனம் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆலோசகர் திட்டத்தின்மீது இதே குற்றச்சாட்டு எழுந்தது.

கம்பியிணைப்பு அறை

கடைசிப் பெரிய ஆய்வு 1931 நவம்பரில் தொடங்கி ஆறு மாதம் நடந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே களப்பணி செய்து வந்திருந்த மானிடவியலாளர் லாயிட் வார்னரின் யோசனையில் இது அமைந்தது. இணைப்பகங்களுக்கான முனைத் தொகுதிகளில் கம்பி இணைக்கும் ஒன்பது பேர், பற்றவைக்கும் மூவர், சரிபார்க்கும் இருவர் என 14 ஆண்கள் ஓர் அறையில் இருந்தார்கள். இம்முறை எந்த மாற்றமும் செய்யாமல், நடப்பதைப் பார்ப்பது மட்டுமே வேலை.

கூடுதலாகச் செய்தால் எல்லோருக்கும் கூடுதல் வருமானம் தரும் குழுக்கூலி அங்கே இருந்தது. ஆனால் அந்த ஆண்கள் தங்களுக்குள் வேறொரு கணக்கு வைத்திருந்தார்கள். நாளுக்கு இரண்டு தொகுதி, அதாவது வகையைப் பொறுத்து 6,000 அல்லது 6,600 இணைப்புகள். அதற்கு மேல் செய்தால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைக்கும் அல்லது ஆட்களைக் குறைக்கும் என்று நம்பினார்கள். மிகக் குறைவாகச் செய்தால் மற்றவர்கள் உழைப்பில் பங்கு வாங்குவதாகும். எல்லை மீறுபவருக்கு முதலில் கேலி, அதற்கும் அடங்காவிட்டால் மேற்கையில் முட்டியால் ஒரு குத்து. சக தொழிலாளியை மேலதிகாரியிடம் காட்டிக்கொடுப்பது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். மாலைக்கு முன்பே அன்றைய அளவை முடித்தவர்கள் கையைத் தளர்த்திக்கொண்டார்கள். கூடுதலாகச் செய்ததைக் கணக்கில் சொல்லாமல் வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டார்கள். அறிவுத் தேர்விலும் கைத்திறன் தேர்விலும் கிடைத்த மதிப்பெண்களுக்கும் உற்பத்திக்கும் பொருத்தமே இல்லை. அறையிலேயே மிகக் குறைவாகச் செய்தவர் அறிவுத் தேர்வில் முதலிடத்திலும் கைத்திறனில் மூன்றாமிடத்திலும் இருந்தார்.

இந்த ஆண்கள் மகிழ்ச்சியற்றவர்கள் அல்லர். சீட்டாட்டம், பந்தயம், வேலையை மாற்றிக்கொள்வது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற சண்டை எல்லாமாக அறை கலகலப்பாகவே இருந்தது. ரிலே அறையில் இருந்த தோழமை இங்கேயும் இருந்தது. அங்கே அது உற்பத்தியை ஏற்றியது, இங்கே கட்டிப்போட்டது. வேறுபாடு நம்பிக்கையில் இருந்தது. ரிலே அறைப் பெண்கள் கூடுதல் உழைப்பு தங்களுக்கே திரும்பும் என்பதைத் தங்கள் சம்பளக் கவரில் கண்டார்கள். கம்பியிணைப்பு அறையின் ஆண்கள் அதே உழைப்பு தங்கள் வேலைக்கே உலைவைக்கும் என்று அஞ்சினார்கள். அப்போது பொருளாதாரப் பெருமந்தம் ஆலைக்குள் நுழைந்திருந்தது. அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். 1932இல் கம்பியிணைப்பு அறை மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மிக நுணுக்கமாகக் கவனிக்கப்பட்ட ரிலே அறைப் பெண்களும் ஆட்குறைப்புக்குத் தப்பவில்லை.

புகழும் மறுப்பும்

மேயோவின் நூல் 1933இலும், ரோத்லிஸ்பெர்கரும் ஆலை அதிகாரி வில்லியம் டிக்சனும் சேர்ந்து எழுதிய விரிவான அறிக்கை 1939இலும் வெளிவந்தன. மனித உறவுகளே உற்பத்தியின் திறவுகோல் என்ற கொள்கை பரவியது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே மனிதரின் செயலை மாற்றிவிடுவதற்கு 1950களில் ஹாதோர்ன் விளைவு என்ற பெயரும் அமைந்தது.

மறுப்புகளும் தொடர்ந்தன. அலெக்ஸ் கேரி 1967இல், கூலி உயர்வும் இரு பெண்கள் மாற்றப்பட்ட கண்டிப்புமே ஏற்றத்துக்குக் காரணம், நட்பான மேற்பார்வைக்குச் சான்றே இல்லை என்று கடுமையாக வாதிட்டார். 1978இல் ஃபிராங்க், கால் என்ற இருவர் பழைய எண்களைப் புள்ளியியல் முறையில் அலசி, அந்த ஆள்மாற்றம், பெருமந்தத்தின் அச்சம், ஓய்வு நேரம் ஆகியவையே மாறுதல்களில் பெரும்பகுதியை விளக்குகின்றன என்றார்கள். தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட விளக்கொளி ஆய்வின் தரவுகளைத் தேடியெடுத்த ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு பிழையைக் காட்டினார்கள். விளக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றப்பட்டன. வெளிச்சம் மாறினாலும் மாறாவிட்டாலும் சனிக்கிழமையைவிடத் திங்கட்கிழமை உற்பத்தி கூடுதலாகவே இருந்தது. வாரநாளின் ஏற்றம் விளக்கின் ஏற்றமாகத் தோன்றியிருந்தது.

சங்கம் என்ற ஒன்றையே மேயோவின் பார்வை ஒதுக்கிவிட்டது என்பது இன்னொரு முக்கியமான குறை. ஓய்வு நேரத்தை ஹாதோர்ன் நிர்வாகம் சோதனையாகக் கொடுத்தது. மற்ற இடங்களில் தொழிலாளர்கள் அதைக் கேட்டுப் போராடியே பெற்றார்கள். சென்னைப் பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் நண்பகல் உணவு இடைவேளை போதாது என்பது முக்கியமான முறையீடுகளில் ஒன்றாக இருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதற்குப் பின்னால் இதுவும் இருந்தது, திரு.வி.க. அதில் முன்னின்று உழைத்தார். வேலைசெய்பவரின் மனநிறைவு நிர்வாகம் தரும் கொடை மட்டும் அன்று, அவர் உரிமையாகக் கேட்டுப் பெறுவதும் ஆகும் என்ற பாடம் ஹாதோர்ன் சோதனைகளுக்கு முன்பே பெரம்பூரில் இருந்தது.

அளவைகளின் காலம்

ஓர் ஆலையின் கதையை வைத்துப் பொது விதி சொல்ல முடியாது என்று உணர்ந்த உளவியலாளர்கள் 1930களிலிருந்து மனநிறைவை வினாப்பட்டியல்களால் அளக்கத் தொடங்கினார்கள். 1955இல் பிரேஃபீல்டும் கிராக்கெட்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனநிறைவுக்கும் செயல்திறனுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். 1985இல் இயாஃபல்டானோவும் முச்சின்ஸ்கியும் செய்த தொகுப்பாய்வில் தொடர்புக் கெழு 0.17 மட்டுமே. முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0 என்ற அளவில் இது மிகச் சிறியது. திமோதி ஜட்ஜும் சகாக்களும் 2001இல் 54,000க்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 312 மாதிரிகளைச் சேர்த்து, அளவைப் பிழைகளைத் திருத்திக் கணக்கிட்டபோது அது 0.30 ஆக உயர்ந்தது. சிக்கலான, சுயமுடிவுக்கு இடமுள்ள வேலைகளில் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. இயந்திரமே வேகத்தை நிர்ணயிக்கும் இடத்தில் மனம் நிறைந்தவரும் நிறையாதவரும் ஒரே அளவே செய்ய முடியும் என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

தொடர்பு இருந்தாலும் எது எதற்குக் காரணம் என்பது தனிக் கேள்வி. நன்றாக வேலை செய்பவருக்குப் பாராட்டும் ஊதியமும் கிடைக்கின்றன, அதனால்தான் அவர் நிறைவடைகிறார் என்று 1960களில் போர்ட்டரும் லாலரும் வாதிட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சிகள் அண்மையில் நடந்துள்ளன. பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தில் ஆஸ்வால்ட், புரோட்டோ, ஸ்க்ராய் ஆகியோர் சிலருக்கு நகைச்சுவைப் படத்துணுக்கைக் காட்டி மனநிலையை உயர்த்திவிட்டு, பத்து நிமிடம் கூட்டல் கணக்குகள் போடச் சொன்னார்கள். மகிழ்ச்சியடைந்தவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள், பிழைகள் கூடவில்லை. அண்மையில் குடும்பத்தில் இழப்பையோ நோயையோ சந்தித்தவர்களின் செயல்திறன் குறைந்திருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் இதற்குச் சான்று கிடைத்தது. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் 11 அழைப்பு மையங்களில் ஏறத்தாழ 1,800 பேரிடம் ஆறு மாதம், வாரந்தோறும் அவர்களின் மனநிலை கேட்டறியப்பட்டது. ஊரின் வானிலையைத் துணைக்கொண்டு காரணத்தையும் விளைவையும் பிரித்தபோது, மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் விற்பனை ஏறத்தாழ 12 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் கூடுதல் நேரம் உழைக்கவில்லை. அழைத்தவர்களில் அதிகம் பேரை வாங்குபவர்களாக மாற்றினார்கள். பேச்சும் பரிவும் தேவைப்படும் வேலைகளில் மனநிலையின் பங்கு மிகப் பெரியது.

இந்திய ஆலை ஒன்றும் இந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. அகமதாபாத் காலிகோ ஆலையில் 1953இல் லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், தானியங்கித் தறிகளில் தனித்தனி வேலையாகச் சிதறிக்கிடந்த தொழிலாளர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தொகுதித் தறிகளின் முழுப் பொறுப்பையும் கொடுக்கும் யோசனையை முன்வைத்தார். தொழிலாளர்கள் அதைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டு, குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, துணியில் சேதம் குறைந்தது. ஓய்வும் சிற்றுண்டியும் கூடுதலாகக் கொடுத்து நடந்த மாற்றம் அல்ல இது. வேலையின் அமைப்பே மாறியது.

முடிவுகள்

ஹாதோர்ன் ஆலை 1983இல் மூடப்பட்டது. அதன் சோதனைகளும் அவற்றைத் தொடர்ந்த முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சியும் சேர்ந்து சில முடிவுகளை உறுதியாக்குகின்றன. மனநிறைவுக்கும் செயல்திறனுக்கும் தொடர்பு உண்மையானது. ஆனால் அது மிதமானது, வேலையின் தன்மைக்கேற்பக் கூடிக் குறைவது. காரணமும் விளைவும் இரு திசையிலும் ஓடுகின்றன. உழைப்பின் பலன் உழைத்தவருக்கே வருவது, களைப்பைத் தாங்கும் அளவு ஓய்வு, அச்சமில்லாத மேற்பார்வை, தன் வேலையைப் பற்றிய முடிவில் தனக்கும் ஒரு சொல் இருப்பது ஆகியவை சேர்ந்த இடத்தில் இரண்டும் உயர்ந்தன. நாளைக்கு வேலை இருக்குமா என்ற ஐயம் நுழைந்த இடத்தில், தோழமையும் கலகலப்பும் எவ்வளவு இருந்தாலும், கை தன்னைக் காத்துக்கொள்ளவே முனைந்தது. ஆகவே ஊழியரை மகிழ்விக்கும் ஏற்பாடுகள் நியாயமான ஊதியத்துக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் மாற்றாக முடியாது. இவை உறுதியான இடத்தில்தான் அந்த ஏற்பாடுகளும் பயன் தருகின்றன. உற்பத்தி கூடினாலும் கூடாவிட்டாலும், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை வேலையில் கழிக்கும் மனிதருக்கு அந்த நேரம் தாங்கக்கூடியதாக இருப்பது அவருக்குரிய நியாயம்.